பச்சைப் பேசின் விற்பனைக்கில்லை

சினிமாவில் பாத்திரக்கடை எப்போது வரும் என்று கவனித்திருக்கிறீர்களா? கதாநாயகன் வில்லனைத் தூக்கி எறிய ஓர் இடம் தேவைப்படும்போது வரும். குடமும் சட்டியும் நாலாபக்கமும் உருளும், விசில் பறக்கும். எனக்கு மட்டும் வயிறு எரியும். அதையெல்லாம் யார் பொறுக்கி அடுக்குவது? அந்தக் கடையில் நிற்கும் பெண்ணை ஒரு படத்திலும் ஒழுங்காகக் காட்டியதில்லை.

போர்நிறுத்தத்தோடு வந்த சமாதான காலத்தில் வவுனியா கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் இரண்டரை வருடம் நின்றவள் நான். வேலை செய்தவள் என்றும் எழுதலாம்; ஆனால் எங்கள் வேலையே நிற்பதுதான். காலை எட்டரையிலிருந்து மாலை ஆறரை வரை. விற்கிற பிளாஸ்ரிக் கதிரைகள் கூரை முட்ட அடுக்கியிருக்கும். அவற்றில் நாங்கள் உட்கார்ந்தால் பழசாகிவிடுமாம். உட்காரக்கூடிய கதிரை ஒன்றே ஒன்று, அது முதலாளியுடையது.

நாங்கள் மூன்று பேர். மூத்தவரை அக்கா என்று கூப்பிடுவோம். எட்டு வருடம் நின்று நின்று கால் நரம்புகள் சுருண்டு வீங்கியிருந்தன. அவருடைய சம்பளத்தை நம்பித்தான் தாயும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அடுத்தவள் மாங்குளத்துக்காரி. யாரைப் பார்த்தாலும் அரை நிமிடத்தில் அவரைப்போலவே நடந்து, இருமிக் காட்டுவாள். மூன்றாவது நான், உயர்தரப் பரீட்சை இரண்டு தரம் எடுத்தும் கம்பஸில் படிக்க இடம் கிடைக்காமல், அந்தக் கோபத்தை வாளி வாங்க வருகிறவர்கள்மேல் காட்டிக்கொண்டிருந்தவள்.

போரில் மூடிக்கிடந்த யாழ்ப்பாணப் பாதை திறந்த புதிதில் கனடாவிலிருந்து வந்துபோன அக்காவின் தங்கை கணவர், கைக்குள் அடங்கும் ஒரு வீடியோ கமராவை விட்டுவிட்டுப் போனார். பிள்ளைகளின் பிறந்தநாளைப் பிடித்து அனுப்பச் சொன்னாராம். அக்கா அதை ஒருநாள் கடைக்குக் கொண்டுவந்து காட்டியதும் எனக்குப் புத்தி வேறு பக்கம் போனது.

"நாங்கள் ஒரு படம் எடுப்பம்" என்றேன்.

"என்ன படம்?"

"ஒருத்தி கடையில ஒரு நிமிசம் இருக்க ஆசைப்படுறாள். இருக்கப் போகேக்க எல்லாம் ஆராவது வந்து வாளி கேக்கினம்."

"பிறகு?"

"பிறகு ஒண்டும் இல்லை. அதுதான் படம்."

மாங்குளத்துக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். கதை பிடித்தா, என் முகத்தைப் பார்த்தா தெரியாது.

முதலாளி வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டு மணிக்குத் தொழுகைக்குப் போய், வீட்டில் சாப்பிட்டு, இரண்டு மணிக்குத்தான் வருவார். அதுவரை கடை பூட்டு. இரும்புக் கதவை அரைவாசி இறக்கிவிட்டு நாங்கள் உள்ளே சோற்றுப் பார்சலை அவிழ்ப்போம். அந்த நேரத்தில்தான் படம் எடுத்தோம். கமராவைக் கவிழ்த்த குண்டான்களுக்கு மேல் வைத்தோம். பள்ளிவாசல் ஒலிபெருக்கி எங்களுக்கு மணிக்கூடு. அது ஓய்ந்தால் இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கிறது என்று அர்த்தம். அக்காதான் கதாநாயகி. மாங்குளத்துக்காரி மற்ற எல்லோரும்: விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர், குடத்தைத் தட்டித் தட்டிச் சுருதி பார்க்கிறவர், முதலாளி. முதலாளி வாளியைத் தரையில் ஓங்கி அடித்து "உடையாது, பாருங்கோ" என்று சொல்லிவிட்டு இருமும் இருமலை அவள் அப்படியே உரித்து வைத்தாள்.

இரண்டாம் வெள்ளி கமராவில் பார்த்தபோதுதான் தலையில் இடி விழுந்தது. அக்காவின் முதுகுக்குப் பின்னால் இருந்த சிவப்பு வாளிகள் ஒரு கிழமையில் விற்றுப்போயிருந்தன. அக்கா "வாங்கோ" என்னும்போது பின்னால் சிவப்பு, "என்ன வேணும்" என்னும்போது நீலம். இனி இப்படி விடக்கூடாது என்று முடிவெடுத்தோம். படத்தில் இருக்கும் வாளி, குடம், உடுப்பு ஊறப்போடும் பச்சைப் பேசின், எதையும் படம் முடியும்வரை விற்பதில்லை.

அந்தக் கடையில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. முதலாளி முல்லைத்தீவுக்காரர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அங்கே இருந்த கடையை அப்படியே விட்டுவிட்டு வெளிக்கிட்டு, புத்தளத்தில் வருடக்கணக்காக இருந்து, பிறகு வவுனியாவில் முதலிலிருந்து தொடங்கியவர். வந்தவரிடம் 'இல்லை' என்ற சொல்லைச் சொல்லக்கூடாது என்பது அவருடைய சட்டம். சிவப்பு இல்லாவிட்டால் நீலத்தைக் காட்டவேண்டும். வாளியே இல்லாவிட்டால் அண்டாவைக் காட்டவேண்டும்.

நான்காவது வெள்ளிக்கு அடுத்த நாள் ஓமந்தைக்கு அங்காலிருந்து ஓர் அம்மா வந்தார். புதிதாகக் கட்டிய வீட்டுக்குச் சாமான் வாங்குகிறாராம்.

"அந்தப் பச்சைப் பேசினை எடுங்கோ பிள்ளை."

"அது இல்லை அம்மா."

"அந்தா கிடக்குது!"

"அது வித்துப் போச்சு."

"வித்த சாமான் ஏன் கடைக்குள்ள கிடக்குது?"

நியாயமான கேள்வி. எனக்குத்தான் நியாயம் பிடிக்காதே. "கிடந்தா உங்களுக்கு என்ன?" என்று சீறிவிட்டேன். அவர் நேரே முதலாளியிடம் போனார். முதலாளி எழுந்து வந்து, பேசினைத் தன் கையால் எடுத்துத் துடைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"அப்ப அந்தப் படத்தை நானும் பாக்கவேணும். வாற வெள்ளி வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

அந்தக் கிழமை முழுக்க வாளி வாங்க வந்த ஒருவரிடமும் நான் சீறவில்லை. என் வேலை போனால் போகட்டும். அக்காவின் வேலை போனால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? நான் கிளப்பிய கூத்துத்தானே. "இருமுற துண்டை அழிச்சுவிடுவம் அக்கா" என்று கெஞ்சினேன்.

"வேண்டாம்" என்றார். "எட்டு வருசமா அவருக்கு முன்னால நிக்கிறன். அவர் என்னைப் பாத்ததில்லை. ஒருக்காப் பாக்கட்டும்."

வெள்ளி இரண்டு மணிக்கு, பக்கத்துத் தொலைபேசிக் கடையில் இரவல் வாங்கிய ரீ.வி.யில் படத்தைப் போட்டோம். முடிவுக் காட்சி இன்னும் எடுக்கவே இல்லை. முதலாளி தன் கதிரையில், அவருடைய மனைவி விற்பனைக் கதிரையில், நாங்கள் வழக்கம்போல நின்றபடி. இருமல் வந்தது. அவருடைய மனைவி வாயைப் பொத்தினார், பிறகு முடியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "இது நீங்களேதான்!" முதலாளி சிரிக்கவில்லை. முடிந்ததும் ஓர் இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். அவரைப் பகிடி பண்ணும் இடத்தையல்ல. அக்கா கவிழ்த்த வாளியில் உட்காரப் போய், ஆள் வந்து எழுந்து, மறுபடி உட்காரப் போய் எழுகிற இடம்.

"எத்தினை தரம் எழும்பிறா?" என்று என்னிடம் கேட்டார்.

"படத்தில ஒன்பது தரம்" என்றேன். நாக்கு சும்மா இருக்கவில்லை. "கடையில நாங்கள் எண்ணிறதில்லை. இருந்தால்தானே எழும்பிறதுக்கு."

அவர் எழுந்து கடையைத் திறக்கச் சொன்னார். அன்று மாலை அக்கா பின்பக்கம் போய் அழுதார். நானும் அழுதேன்.

மறுநாள் காலை கதவைத் தூக்கினால், உள்ளே மூன்று பிளாஸ்ரிக் ஸ்டூல்கள். விற்பனைக்கு வந்தவைதான், விலை ஒட்டியிருந்தது. "ஆக்கள் இல்லாத நேரம் இருங்கோ" என்றார் முதலாளி. "ஆரும் கேட்டா எழும்பிக் குடுங்கோ." மனுசன் மாறினாலும் வியாபாரி மாறவில்லை என்று நாங்கள் குசுகுசுத்தோம்.

படத்தை முடித்தோம். பதினொரு நிமிடம். வெள்ளிக்கிழமைகளில் புடவைக்கடைப் பிள்ளைகளும் பேக்கரிப் பிள்ளைகளும் வந்து பார்த்தார்கள். நாங்கள் பகிடி வைக்காத இடங்களில்கூடச் சிரித்தார்கள். அக்கா காலை மாற்றி வைத்தால் சிரிப்பு, மணிக்கூட்டைப் பார்த்தால் சிரிப்பு. பார்த்து முடித்தவர்கள் உடனே தங்கள் கடைக் கதையைத் தொடங்கிவிடுவார்கள். பெரிய படம் பார்த்து வந்தால் கதாநாயகனைப் பற்றிக் கதைப்போம். இதைப் பார்த்தவர்கள் தங்களைப் பற்றிக் கதைத்தார்கள். கனடாவுக்குப் போன பிரதியைப் பார்த்துவிட்டு அக்காவின் தங்கை கணவர் தொலைபேசி எடுத்தார். அங்கே 'பிஸ்னஸ்' செய்வதாகச் சொன்ன மனிதர், தானும் ஒரு கடையில் காசு வாங்கும் இடத்தில் நிற்பதாக அன்றுதான் ஒப்புக்கொண்டாராம். மூன்று தரம் பார்த்தாராம்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, சரியான கூட்டம். ஸ்டூல்கள் எல்லாம் விற்று, எங்களுடைய மூன்றுதான் மிச்சம். பின்னேரம் சற்று ஓய்ந்து அக்கா அப்போதுதான் உட்கார்ந்தார். ஒருவர் உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, அக்கா இருந்த ஸ்டூலைக் காட்டி, "அதை எடுங்கோ" என்றார். அக்கா எழத் தொடங்கினார்.

"அது இல்லை" என்றார் முதலாளி, தன் கதிரையில் இருந்தபடியே.

"என்ன ஐயா, அந்தா கிடக்குது!"

"அது படத்துச் சாமான். விக்கிறதில்லை."

வந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதலாளி அவருக்கு வாளியைக் காட்டவில்லை, அண்டாவையும் காட்டவில்லை. ஒரு தரம் இருமினார். பாதி எழுந்த அக்கா திரும்ப உட்கார்ந்தார்.