கண் மட்டம்

இது என் வாழ்க்கையில் நடந்தது. "சரியாகத் தூங்கியிருக்க மாட்டான்" என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நன்றாகத் தூங்கி எழுந்து, பல் விளக்கி, டீயும் குடித்துவிட்டுப் பட்டப்பகலில் பார்த்தது.

ஃபர்னிச்சர் கடையில் விற்பனையாளன் நான். வயது நாற்பத்தொன்று. வாடிக்கையாளரின் அறையை அவர் கண் முன்னாலேயே வரைந்து காட்டத் தெரிந்தவனுக்குத்தான் இனி வேலை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் பரீட்சை. எனக்கு நேர்கோடு போட்டாலே நெளியும். ஊரில் மனைவி, இரண்டு பிள்ளைகள். வேலை போனால் நடுத்தெருதான்.

என் தங்கை வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்பவள். போனிலேயே எனக்குப் பாடம் நடத்தினாள். முதலில் தீப்பெட்டி, டம்ளர், செங்கல் என்று வடிவங்கள். பிறகு தினமும் காலையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து, என் வாடகை அறையையே வரையச் சொன்னாள்.

"தூரமாப் போற கோடெல்லாம் உன் கண் மட்டத்துல போய்ச் சேரணும்ணா. அதுக்கு மேல இருக்கற பொருளோட மேல்பக்கம் உனக்குத் தெரியாது. அதை வரைஞ்சே, கொன்னுடுவேன்."

முதல் படத்தை அனுப்பினேன்.

"ஏன் ஸ்டூல் மேல ஏறி வரைஞ்ச?"

"உக்காந்துதான் வரைஞ்சேன்."

"பீரோவோட மேல்பக்கம் தெரியுது. புளுகாதே."

பார்த்தேன். என்னைவிட உயரமான பீரோ. அதன் மேல்பக்கத்தை வரைந்திருந்தேன். அங்கே ஒரு சின்னப் பூட்டு வேறு. என் கை லட்சணம் அவ்வளவுதான் என்று சிரித்துக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன்.

பூட்டு இருந்தது. தூசி படிந்து... அதே இடத்தில்.

மறுநாள் ஸ்கேல் வைத்து, கண் மட்டத்துக்குக் கோடு போட்டுவிட்டே ஆரம்பித்தேன். முடித்தபோது எந்தக் கோடும் அதில் போய்ச் சேரவில்லை. தங்கை கூப்பிட்டாள். குரலில் கிண்டல் இல்லை.

"அண்ணா, கோடெல்லாம் நீட்டிப் பாத்தேன். இதைப் பாத்த கண்ணு எட்டடி உயரத்துல இருக்கு. உன் முதுகுக்குப் பின்னால. அங்க என்ன இருக்கு?"

திரும்பினேன். பரண் இருந்த இடம். சிமென்ட் பூசி அடைத்திருந்தார்கள்.

"செவுருதான்."

ஞாயிறு காலை ஏழு மணி. வெளியே மழை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிது. உட்கார்ந்தேன்.

சர்... சர்... பென்சில் ஓடியது.

நிறுத்தினேன்.

சர்...

என் பென்சில் காகிதத்தில் இல்லை.

சத்தம் தலைக்குப் பின்னால் வந்தது. மேலிருந்து. காகிதத்தில் சிமென்ட் தூள் கொஞ்சம் விழுந்தது.

குனிந்து படத்தைப் பார்த்தேன். நடுவில் நாற்காலி. அதில் வரைந்துகொண்டிருக்கும் ஒருவன். உச்சந்தலையில் வட்டமாக வழுக்கை. எனக்கு அங்கே வழுக்கை விழுந்திருப்பது அதுவரை எனக்கே தெரியாது.

கை தானாக உச்சிக்குப் போனது.

சத்தம் நின்றது.

ஓடினேன்.

அன்றே அறையைக் காலி செய்தேன். பரீட்சையில் கடையை வரையச் சொன்னார்கள். கோடுகள் ஒழுங்காக என் கண் மட்டத்திலேயே சேர்ந்தன. மேனேஜர் கைகொடுத்தார். கண்ணாடிச் சுவரோரம் தனி மேசை கிடைத்தது. தங்கை போனில் அழுதேவிட்டாள். விட்டது சனி என்று நினைத்தேன்.

போன வாரம் பழைய வீட்டுக்காரர் கூப்பிட்டார். மழைநீர் கசிந்ததால் பரணை உடைத்தாராம்.

"வந்து பாருங்க சார். எனக்கு ஒண்ணும் புரியல."

பகலில்தான் போனேன். உள்ளே காலி. சுவர் முழுக்கப் பென்சில் படங்கள். தீப்பெட்டி, டம்ளர், செங்கல். அப்புறம் நாற்காலியில் நான். முதலில் கோணல்மாணலாக. போகப் போக நேர்த்தியாக. என்னோடு சேர்ந்து அதுவும் பழகியிருக்கிறது.

"இதை எப்ப அடைச்சீங்க?"

"நான் வாங்கும்போதே அடைச்சுதான் இருந்தது சார். பல வருஷம் ஆச்சு."

கடைசிப் படத்தில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் அது அந்த அறை இல்லை.

கண்ணாடிச் சுவர். தனி மேசை. மேலிருந்து பார்த்த என் வழுக்கை...

அந்த மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வேலையை விட முடியாது. மேலே மட்டும் பார்ப்பதில்லை.