குதிரைக்கு முதல் பந்தி

சாப்பாட்டுக் கடை வைத்தவளுக்கு நேரத்துக்குச் சோறு கிடையாது. அடுப்படியில் நிற்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் யார் முதலில், யார் கடைசியில் என்பதற்குச் சட்டமே உண்டு என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் என் வீட்டுக்காரர், கல்யாணமான மறுவாரம். வெள்ளைக்காரன் ஏற்படுத்திய குதிரைப்படையில் தபேதாராக இருந்தவர். "முதல்ல குதிரை, அப்புறம் சிப்பாய், கடைசியிலதான் தபேதார்" என்றார். தபேதாரின் பெண்டாட்டி எத்தனையாவது என்று நான் கேட்கவில்லை. மீனாட்சியம்மனுக்குத்தான் தெரியும்.

எழுபதுகளில் பட்டாளத்தை விட்டு வந்து, வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் கடை போட்டோம். சட்டமும் கூடவே வந்தது.

மூன்று பட்டை

காலாட்படையில் ஹவில்தாருக்கும் குதிரைப்படையில் தபேதாருக்கும் சட்டைக் கையில் அதே மூன்று பட்டைதான். ஆனாலும் ஹவில்தார் என்று கூப்பிட்டால் இவருக்குக் காது கேட்காது. ஒருநாள் ஒருவர் வெறும் சோற்றை இலையில் வைத்துக்கொண்டு "ஹவில்தாரண்ணே" என்று தொண்டை வற்றக் கூப்பிட்டார். இவர் சாம்பார் வாளியோடு சுவரைப் பார்த்து நின்றார். நான்தான் உள்ளிருந்து எட்டிப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். உடனே அவர், "அண்ணே, கலெக்டர்னே கூப்பிடுறேன், சாம்பாரை ஊத்துங்க!"

கொள்ளு

குதிரை வண்டிக்காரர்கள் பசியோடு வருவார்கள். இவர் அவர்கள் முகத்தைப் பார்க்காமல், தண்ணீரும் ஊறவைத்த கொள்ளும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். குதிரை தின்று முடிக்கும்வரை உள்ளே இலை விழாது. ஒரு வண்டிக்காரர் என்னிடம் சொன்னார்: "அக்கா, அடுத்த பிறப்புல என்னையக் குதிரையாப் பெறக்க வைக்கச் சொல்லி மீனாட்சி ஆத்தாகிட்டச் சொல்லிவைங்க."

பெண் பார்க்க வந்தார்கள்

மேலூரிலிருந்து என் மூத்தவளைப் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் வந்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, "இன்னைக்காவது வாரவுகளை முதல்ல கவனிங்க" என்று இவரிடம் கெஞ்சினேன். தலையாட்டினார். வந்தவர்களோ குதிரை வண்டியில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா கை கூப்பினார். இவர் வாளியோடு அவரைத் தாண்டிக் குதிரையிடம் போனார். அடுத்து வண்டிக்காரருக்கு இலை போட்டார்.

"குதிரைக்குப் பின்னாலயா எங்களுக்கு மரியாதை? கெளம்புங்க!" என்று அந்த மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் மனைவி அசையவில்லை. "கல்யாணமான நாள்லருந்து நீங்க தின்னு எந்திரிச்ச பெறகுதான் நான் உக்காருறேன். ஒருநா ஒரு குதிரைக்குப் பின்னால உக்காந்தா என்ன கொறஞ்சு போயிருவீக?"

அவர் உட்கார்ந்தார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

தபேதாருக்கும் பின்னால் ஓர் இடம் இருப்பதை வெள்ளைக்காரன் சட்டம் சொல்லவில்லை, சம்பந்தியம்மாதான் சொன்னார்கள். நீங்களும் எந்தக் கடையில் சாப்பிட்டாலும், கை கழுவுகிறபோது, உள்ளே இருக்கிறவள் சாப்பிட்டாளா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.