ஆராய்ச்சிக்கு ஆகாத நர்ஸ்

எனக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் மருத்துவமனைக்கு ஆராய்ச்சி வந்தது. சிவாஜிநகர் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு தர்ம மருத்துவமனை அது. நான் பிரசவ வார்டில் நர்ஸ். தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் ஊரான தங்கவயலில் தங்கச் சுரங்கத்தை மூடப் போகிறார்கள், இல்லை மூடவில்லை என்று தினம் ஒரு பேச்சு கிளம்பிக்கொண்டிருந்த காலம். அங்கே இனி காத்திருந்து பயனில்லை என்று நானும் கணவரும் கிளம்பி இந்த நகரத்துக்கு வந்து, நீலசந்திரா பகுதியில் ஒற்றை அறை வீடு ஒன்றில் குடியிருந்தோம். அவர் ஓர் அச்சகத்தில் மிஷின் ஓட்டினார்.

ஆராய்ச்சியைக் கொண்டுவந்தவர் எங்கள் பெரிய டாக்டர். வெளிநாட்டில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்திருந்தார். போகும்போது எங்களை “ஏம்மா” என்று கூப்பிட்டவர், திரும்பி வந்தபின் “டீம்” என்று கூப்பிட்டார். மற்றபடி மாற்றம் எதுவும் இல்லை. டியூட்டியில் இல்லாத நர்ஸுகளைக்கூட வரவழைத்துக் கருத்தரங்கு அறையில் உட்கார வைத்துப் பேசினார்.

“நர்ஸ் மனசு நல்லா இருந்தா, அவங்க பாத்துக்கற கர்ப்பிணிகளுக்கு காம்ப்ளிகேஷன் குறையுமா? இதான் நம்ம கேள்வி. இந்தியாவுல யாரும் இதைக் கேட்டதில்லை.”

“இன்னும் நாலு நர்ஸைப் போட்டா குறையும்” என்று என் பக்கத்தில் இருந்த தோழி முணுமுணுத்தாள். என்னோடு ஒரே வருடம் பயிற்சி முடித்தவள், வாயை அடக்கத் தெரியாதவள். முன்வரிசையில் இருந்த எங்கள் தலைமை நர்ஸான மேட்ரன் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்தால் நாங்கள் மூச்சு விடுவதையும் தள்ளிப்போடுவோம்.

மறுநாளே ஆராய்ச்சி வேலைக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். மனோதத்துவம் படித்தவள், இருபத்திரண்டு வயது இருக்கும், காட்டன் சுரிதார், கையில் அட்டை, அட்டையில் கேள்வித்தாள். நல்ல பெண்தான். ஆனால் அவள் பிரசவத்தைப் பார்த்ததில்லை. லேபர் ரூம் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே நான் கையுறை போட்டு நிற்கும்போது கேட்பாள்:

“சிஸ்டர், போன வாரத்துல எத்தனை தடவை உங்க வேலை மீனிங்ஃபுல்லா இருக்குன்னு ஃபீல் பண்ணீங்க? ஒருபோதும் இல்லை, சில சமயம், அடிக்கடி, எப்பவும்?”

“இரும்மா, தலை தெரியுது.”

“அப்ப ‘எப்பவும்’னு போட்டுக்கட்டுமா?”

போட்டுக்கொண்டாள்.

கேள்வியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் மனதை நல்லதாக்கும் வேலையும் இருந்தது. வாரத்தில் மூன்று நாள், காலை டியூட்டி முடிந்ததும் மதியம் இரண்டரை மணிக்குக் கருத்தரங்கு அறையில் மனத்தளர்வுப் பயிற்சி. கட்டாயமில்லை என்று டாக்டர் சொன்னார். வராதவர் பெயரை எழுதி வைப்பேன் என்று மேட்ரன் சொன்னார். ஜமுக்காளத்தில் எங்களைப் படுக்க வைத்து அந்தப் பெண் ஒரு கேசட்டைப் போடுவாள். அலை அடிக்கும் சத்தம், அதன்மேல் ஒரு ஆண் குரல் ஆங்கிலத்தில், நீங்கள் கடற்கரையில் இருக்கிறீர்கள், உங்கள் தோள்கள் கனமாகின்றன என்று சொல்லும். காலையிலிருந்து நின்ற கால்களோடு படுத்தவர்களுக்கு எந்தக் கடற்கரையும் தேவைப்படவில்லை. இரண்டாவது நிமிடத்தில் பாதிப்பேர் குறட்டை விட்டார்கள். அந்தப் பெண் மெல்ல எழுந்து வந்து ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, “டீப் ரிலாக்ஸேஷன்” என்று குறித்துக்கொண்டாள்.

ஏழு மாத வயிற்றோடு ஜமுக்காளத்தில் மல்லாந்து படுக்கக்கூடாது. ஒருக்களித்துப் படுத்தேன். எல்லோரும் ஒரே மாதிரி படுத்தால்தான் கணக்குச் சரியாக வரும் என்றாள் அவள். அப்படியானால் நான் வரவில்லை என்றேன். மேட்ரனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். ஒருக்களித்துப் படுக்க அனுமதி வந்தது.

எட்டாம் மாதத் தொடக்கத்தில் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. நெற்றியில் ஆணி அடித்த மாதிரி. சாயங்காலம் ஆனால் செருப்புக்குள் கால் நுழையாது. மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். அந்த வாரக் கேள்வித்தாளில் ‘உடல் உபாதைகள்’ என்று ஒரு பகுதி இருந்தது. நான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். தலைவலி, வீக்கம், ஒருமுறை கண்முன் பொறி பறந்தது.

அவள் கவலையோடு தலையாட்டினாள். “இதெல்லாம் வொர்க் ஸ்ட்ரெஸ், சிஸ்டர். ரொம்ப டைப்பிக்கல். வாரத்துல நாலாவது செஷன் ஒண்ணு உங்களுக்கு மட்டும் ஏற்பாடு பண்றேன்.”

பண்ணினாள். ஒரு நாள் தனியாக ஒருக்களித்துப் படுத்து அலைச்சத்தம் கேட்டேன். நானும் அதை வேலைக் களைப்பு என்றே நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. எங்கள் ரோஸ்டரில் எனக்குப் பதிலாகப் போட ஆள் இல்லை. வயிற்றில் பிள்ளை உள்ள நர்ஸுக்கு எட்டாம் மாதம் முடியும்வரை எல்லா டியூட்டியும் உண்டு என்பது மேட்ரனின் சட்டம். “நானும் ரெண்டு பெத்திருக்கேன்” என்பார். அதோடு வாதம் முடிந்தது.

அந்த வாரம் வார்டில் எங்கள் நீலசந்திராப் பெண் ஒருத்தி படுத்திருந்தாள். நான் இறங்கும் அதே பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் வீடு. கட்டட வேலை செய்கிறவள், இரண்டாவது பிள்ளை, ரத்த அழுத்தம் ஏறி வந்து சேர்ந்திருந்தாள். தினமும் காலையில் அவளுக்கு நான் பாடம் எடுப்பேன். முகம் வீங்கினால் சொல்லணும், தலை வலித்தால் சொல்லணும், கண்ணில் பூச்சி பறந்தால் உடனே கத்தணும், விட்டால் ஜன்னி கண்டுவிடும், தாய்க்கும் ஆபத்து பிள்ளைக்கும் ஆபத்து. என் குரலில் கண்டிப்பு அதிகமாகவே இருக்கும்.

அன்று ரத்த அழுத்தம் பார்க்க அவள் கையில் பட்டையைச் சுற்றி பம்பை அமுக்கிக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா சிஸ்டர், உங்க மூஞ்சி எம்மூஞ்சி மாதிரியே ஊதிக் கீது?”

“தூக்கம் இல்லம்மா.”

“தல வலிக்குதா?”

“கொஞ்சம்.”

“கண்ணுல பூச்சி பறக்குதா?”

நான் பம்பை இன்னொரு முறை அமுக்கினேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். “தெனம் காத்தால என்னாண்ட ஒப்பிக்கிறீங்களே சிஸ்டர், அது இன்னா எனக்கு மட்டுமா? அந்தப் பட்டைய அவுத்து உங்க கையில கட்டுங்க.” பிறகு வார்டே திரும்பிப் பார்க்கும்படி, “யாராச்சும் வாங்களேன், சிஸ்டருக்கு ஒடம்பு சரியில்ல!” என்று கத்தினாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே.

தோழி ஓடி வந்தாள். அளந்தாள். இன்னொரு முறை அளந்தாள். மேலே நூற்று எழுபது, கீழே நூற்றுப்பத்து. என் தொப்பியைக் கழற்றி எடுத்து, பக்கத்துக் கட்டிலில் படுக்கச் சொன்னாள். சிறுநீரைச் சோதித்தால் அதில் அல்புமின் என்ற புரதம் போகிறது. ஜன்னி வராமலிருக்க மக்னீசியம் ஊசி போட வேண்டும் என்றார் டியூட்டி டாக்டர். இடுப்பில் போடுகிற ஊசி, தடியன் ஒருவன் எட்டி உதைத்த மாதிரி இருக்கும். அதைப் போடும்போது நான் எல்லோரிடமும் எறும்பு கடித்த மாதிரிதான் என்று சொல்லி வந்திருக்கிறேன். தோழி ஊசியோடு வந்ததும் பக்கத்துக் கட்டில்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: “ஒண்ணுமில்ல சிஸ்டர். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஊசி இறங்கியதும் அழுகை மட்டும் மிஞ்சியது.

கணவர் அச்சகத்திலிருந்து கைகளில் மையோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். “இன்னாச்சு, நேத்து நல்லாதானே இருந்தே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. எத்தனை பேருக்கு என்ன ஆகிறது என்று இதே வார்டில் பார்த்தவள். தெரியாதவர்களுக்குப் பயம் பொதுவாக வரும், எனக்கு ஒவ்வொன்றாக, வரிசையாக வந்தது.

மாலை பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். பின்னால் மேட்ரன், அவருக்குப் பின்னால் அட்டையோடு அந்தப் பெண். என் கேஸ்தாளைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார், நாளைக் காலை ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிடலாம் என்றார். அதைச் சரியாகவே சொன்னார், அன்பாகவும் சொன்னார். பிறகு முகம் சுருங்கியது.

“இவங்க நம்ம ஸ்டடியில இருக்காங்களா?”

“ஆமா சார்” என்றாள் அந்தப் பெண். “நர்ஸஸ் குரூப். நல்ல ஸ்கோர் சார்.”

“இப்ப காம்ப்ளிகேஷன் குரூப்லயும் வந்துட்டாங்களே. ஒரே ஆள் ரெண்டு பக்கமும் வர முடியாது. ரிசல்ட் கெட்டுடும்.” கொஞ்சம் யோசித்தார். “ரெண்டுலேருந்தும் இவங்க பேரை எடுத்துடு.”

“சார், இவங்களுக்கு ஸ்பெஷல் செஷன்கூட...”

“எடுத்துடும்மா.”

மேட்ரன் குனிந்து என் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். “நாளைக்கு உன் மார்னிங் டியூட்டிய யாருக்குப் போடறது?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் தெரியவில்லை.

காலையில் பெண் பிறந்தாள். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும் அளவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். நான் சக்கர நாற்காலியில் போய் அவளைப் பார்க்க மூன்று நாள் ஆனது. மூக்கில் குழாயோடு, எங்கள் மேட்ரனைப் போலவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு படுத்திருந்தாள். பிழைத்தாள். கட்டட வேலைக்காரி அடுத்த வாரம் பையனைப் பெற்று, நல்லபடியாக வீட்டுக்குப் போனாள். போகும்முன் என் கட்டிலுக்கு வந்து, “ஒழுங்கா மாத்திரை சாப்புடுங்க சிஸ்டர்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

விடுப்பு முடிந்து திரும்பிய சில மாதங்களில் ஆராய்ச்சியின் முடிவை வெளியிட்டார்கள். வெளியூர் விருந்தினர்கள் வந்தார்கள், சமோசா வந்தது, நாற்காலி நிரம்ப நாங்களும் வரவழைக்கப்பட்டோம். பெரிய டாக்டர் திரையில் இரண்டு கோடுகள் காட்டினார். ஒரு கோடு ஏறியது, அது எங்கள் மனநிறைவு. இன்னொன்று இறங்கியது, அது கர்ப்பிணிகளின் சிக்கல். இரண்டும் கிட்டத்தட்ட அழகான கோடுகள். கைதட்டினார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்.

நான் எழுந்தேன். எழுந்தபிறகுதான் எழுந்தது தெரிந்தது.

“சார், இதுல நான் எந்தக் கோட்டுல இருக்கேன்?”

அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. “நீங்க எக்ஸ்க்ளூடட், சிஸ்டர். கணக்குலயே இல்ல” என்றார். விருந்தினர்கள் புரியாமல் சிரித்தார்கள்.

“அப்ப வேற யார் யாரை எடுத்தீங்க சார்?” இது தோழி, எனக்குப் பின்னாலிருந்து. வேலையை விட்டுப் போனவர்கள் மூன்று பேர், முதுகுத்தண்டில் டிஸ்க் நழுவிப் படுத்தவர் ஒருவர், பயிற்சிக்கு வரமாட்டேன் என்று சண்டை போட்டவர் ஒருவர் என்று அவளே பெயரோடு சொல்லத் தொடங்கினாள். நேரம் ஆகிவிட்டது, தேநீர் ஆறிவிடும் என்று டாக்டர் கூட்டத்தை முடித்தார். எனக்கு அந்தச் சமோசா மிகவும் ருசியாக இருந்தது. இரண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் மேட்ரன் கூப்பிட்டார். “விருந்தாளிங்க முன்னால இப்படியா? நாளையிலிருந்து நீ தடுப்பூசிப் பிரிவு.” அது தண்டனை. நாள் முழுக்கக் குழந்தைகள் அலறும் இடம். யாரும் கேட்டு வாங்கிப் போகாத இடம். தோழியைக் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் போட்டார்கள், அங்கே பேச்சுக் குறையும் என்று நினைத்திருப்பார்கள்.

முதல் நாள், முதல் ஆள். கழுத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி அட்டை தொங்க ஒரு தகப்பன் வந்தான். ஓசூர் பக்கத்து ஆள், பேச்சில் தெரிந்தது. ஒன்றரை மாதப் பிள்ளையைத் தானே பிடித்துக்கொள்கிறேன், மனைவிக்கு மனசு தாங்காது என்றான். நான் ஊசியில் மருந்தை ஏற்றி, காற்றைத் தட்டி வெளியே விட்டேன். அவன் ஊசியைப் பார்த்தான். பிள்ளையை மனைவியிடம் நீட்டினான். அவள் வாங்கியதும் அவன் மயக்கம் வந்து அப்படியே சுவரோரமாகச் சரிந்து தரையில் படுத்துவிட்டான்.

நான் ஊசியை வைத்துவிட்டு அவனிடம் ஓடப் போனேன். அந்த மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிள்ளையின் தொடையைத் துணி விலக்கிக் காட்டினாள்.

“அவரு தானா எழுந்துக்குவாரு சிஸ்டர். நீங்க மொதல்ல கொழந்தைக்குப் போடுங்க.”

போட்டேன்.