பெரிய தட்டு

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் டாக்டர் சொல்வார். அந்த வாயால்தான் போன வருடம் ஒரு மனிதரின் கண் பிழைத்தது என்று நான் சொல்வேன். பெருமைதான், இருக்கட்டுமே.

அந்த மனிதர் நான் தினமும் வருகிற பத்தமடை பஸ்ஸின் டிரைவர். ஐம்பதைத் தாண்டியவர், பத்து வருடமாகச் சர்க்கரை. காய்ச்சல் விட்ட மறுநாள், டெங்குவாக இருக்குமோ என்ற பயத்தில் ரத்தம் கொடுக்க வந்தார். டெங்கு வந்த நாளிலிருந்து எங்கள் ஊரில் பிளேட்லெட் என்றால் எண்ணிக்கை மட்டும்தான். "கவுண்ட் எவ்வளவு?" என்று கேட்பார்கள், குறைந்தால் பப்பாளி இலையைத் தேடி ஓடுவார்கள். இவருக்கு எண்ணிக்கை அட்டகாசமாக இருந்தது. சந்தோஷமாகப் போய்விட்டார்.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அதே தாளில் பிளேட்லெட்டின் சராசரி அளவு, அதாவது ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது, என்று இன்னொரு வரி உண்டு. யாரும் பார்க்காத வரி. எங்களிடம் இருந்த அவருடைய பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தது. நாள்பட்ட சர்க்கரைக்காரர்களுக்கு இந்த அணுக்கள் பெருத்தால் சுலபமாக ஒட்டிக்கொள்ளும், சின்ன ரத்தக் குழாய்களில் கோளாறு தொடங்கியிருக்கலாம் என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டிருந்தேன். சின்னக் குழாய் என்றதும் எனக்குக் கண்தான் நினைவுக்கு வந்தது. அதுவும் பஸ் ஓட்டுகிறவரின் கண்.

டாக்டரிடம் போனேன். "கவுண்ட் நல்லா இருக்குல்லா, பின்ன என்ன?" என்றார். கரண்ட் போனதால் அந்த ரத்தம் மத்தியானம் வரை குழாயிலேயே கிடந்ததையும் நினைவூட்டினார். அது நியாயம்தான். ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் இருக்கும் மருந்தில் நேரமானால் பிளேட்லெட் தானாகவே ஊதிவிடும். "பழைய தாளுக்கெல்லாமா கரண்ட் போச்சு?" என்று கேட்டேன். மறுநாள் டிரைவரைப் பஸ்ஸிலேயே பிடித்து வரவைத்து, எடுத்த கையோடு ரத்தத்தை மெஷினில் போட்டேன். அப்போதும் பெரிதுதான். கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், குண்டு குண்டாகத் தெரிந்தன.

இங்கேதான் நான் சறுக்கினேன். பிளேட்லெட் என்றால் டெங்குவை நினைத்துக்கொள்வாரே என்று தமிழில் சொல்லப் போனேன். பிளேட்லெட்டுக்குத் தமிழில் தட்டணு, அதை முழுசாகவாவது சொல்லியிருக்கலாம்.

"அண்ணாச்சி, உங்க தட்டு பெருசா இருக்கு. சர்க்கரைக்கு அது நல்லதில்ல. ஒரு எட்டு போயி கண்ணையும் காட்டிருங்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்துப் பஸ்ஸில் ஏறியதும் அவரே கூப்பிட்டார். "ஏம்மா, நீ சொன்ன மாதிரியே தட்டை மாத்திட்டேன். இப்பம் சின்னத் தட்டுலதான் சாப்பிடுதேன்."

பஸ்ஸே சிரித்தது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது, அதுவும் என் மேலேயே. "சோத்துத் தட்டு இல்ல அண்ணாச்சி, ரத்தத்துல இருக்க தட்டு! கண்ணைக் காட்டினீங்களா இல்லியா?"

"கண்ணு நல்லாத்தானம்மா தெரியுது. அந்தா, அங்கன நிக்க ஆட்டுக்குக் கொம்பு வளைஞ்சிருக்கது வரைக்கும் தெரியுது."

"தெரியும்போதே காட்டணும். நீங்க காட்டுத வரைக்கும் நான் இந்த பஸ்ல ஏற மாட்டேன்" என்று இறங்கிவிட்டேன். எதற்கென்றே தெரியாமல் என் பின்னால் இரண்டு பெண்கள் கூடையோடு இறங்கினார்கள். அதில் மனிதர் ஆடிப்போய்விட்டார்.

மறுநாளே லீவு போட்டார். நழுவிவிடுவாரோ என்று கண் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். சொட்டு மருந்து விட்டுப் பார்த்த கண் டாக்டர், இரண்டு விழித்திரையிலும் ரத்தக் குழாய்கள் கசிகின்றன, இடது கண்ணில் அதிகம் என்றார். "பார்வை இன்னும் கெடல. நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. யாரு அனுப்பினா?" டிரைவர் என்னைக் கை காட்டினார். அங்கேயே அழுதுவிட்டேன். பாதி பயம், பாதி ஜெயித்த சந்தோஷம்.

லேசர் வைத்தார்கள். சில மாதம் ஸ்டியரிங்கைத் தொடவிடவில்லை. சர்க்கரையை அவர் மனைவி இறுக்கிப் பிடித்தார். அளவு வரியை மட்டும் வைத்து எந்த நோயையும் தீர்மானிக்க முடியாது. போய்க் கண்ணைப் பார் என்று உசுப்பத்தான் முடியும். ஆனாலும் இப்போது எங்கள் டாக்டர் சர்க்கரைக்காரர்களின் தாளில் அந்த வரியைத்தான் முதலில் பார்க்கிறார். நான் பக்கத்தில் போய் நின்றுகொள்வதோடு சரி.

டிரைவர் மறுபடி பஸ் எடுக்கலாமா என்று கண் ஆஸ்பத்திரியில் பார்க்கும் நாள் வந்தது. அவர் மனைவியும் நானும் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். உள்ளே எழுத்து அட்டையை அவர் வரி வரியாகப் படிக்கும் சத்தம் கேட்டது. கடைசி வரியில் குரல் நின்றுவிட்டது. அந்த அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெரிந்தது. பிறகு குரல் வந்தது.

"அடியில பொடிசா அச்சாபீஸ் பேரு போட்டிருக்கே, அதையும் படிக்கணுமா?"