போணி ஷூவும் கறுத்த நகமும்

இன்று தென்காசியில் ஒரு ஷூ கடையில் கத்திவிட்டு வந்தேன். தொண்டை இன்னும் எரிகிறது!

அடுத்த வாரம் என் மகளுக்குப் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு. எழுத்துத் தேர்வைத் தாண்டிவிட்டாள். இதில் கோட்டை விட்டால் எல்லாம் போச்சு.

பத்து நாள் முன்னால் அவளுக்கு ஷூ வாங்கப் போனோம். கடை திறக்கும்போதே போய் நின்றேன். முதல் போணியை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள், விலை குறையும். (பாவூர்சத்திரத்தில் என் வெங்காயக் கடையில் தினமும் என்னிடம் நடப்பதுதான்!)

மகள் போட்டுப் பார்த்தாள். "எப்பா, நுனியில லேசா இடிக்குது."

கடைக்காரர் விடவில்லை. "ஓட ஓட விட்டுக்கொடுக்கும் அண்ணாச்சி. காட்டன் சாக்ஸும் தாரேன், வேர்வையை அப்படியே உறிஞ்சிரும்."

குறைந்த விலையைப் பார்த்து நானும் தலையாட்டினேன்.

குற்றாலம் ரோட்டில் சாரலில் ஓடினாள். சாக்ஸ் உறிஞ்சியது உண்மைதான். உறிஞ்சியதை விடவே இல்லை! ஈரம் உரசிக் குதிகாலில் கொப்புளம். ஷூ நுனியில் முட்டி முட்டிக் கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது.

இன்று காலை அவளையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். போட்ட ஷூவைத் திருப்பி எடுக்கச் சொல்லவில்லை, அது நியாயம் இல்லை. அளவு தப்பாகிவிட்டது என்று கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றுதான் போனேன்.

அவர் சொன்னார்: "ஷூவுல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பிள்ளை ஓடுத விதம் சரியில்ல."

வந்ததே கோபம்!

"அழுகுன வெங்காயத்தை வித்துட்டு, நீரு நறுக்குத விதம் சரியில்லன்னு நான் சொல்லுவனாவே?"

கடையே திரும்பிப் பார்த்தது. மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சாயங்காலம் வேறு கடை. அங்கே ஒரு அம்மா, காலைத் தரையில் ஊன்றி நிற்கச் சொல்லி அளந்தார்.

"இந்நேரம் வந்தது நல்லது அண்ணாச்சி. காலையில பாதம் சின்னதா இருக்கும், பொழுது போகப் போகக் கொஞ்சம் வீங்கும். ஓடுனா இன்னும். நுனியில ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேணும்."

மெல்லிய பாலியஸ்டர் சாக்ஸ் ஒன்றையும் எடுத்து வைத்தார். "இது வேர்வையைக் குடிச்சு வச்சுக்கிடாது. வெளிப்பக்கம் கடத்தி விட்டுரும், அங்கன காத்துல காஞ்சிரும்."

எனக்குச் சுருக்கென்றது. நனைந்த சணல் சாக்கில் வெங்காயம் அழுகும், வலைப்பையில் காற்றாடும். இத்தனை வருடம் வெங்காயத்துக்குப் பார்த்ததை மகள் காலுக்குப் பார்க்கவில்லையே!

மகள் சும்மா இருப்பாளா? "எப்பா, நாளைக்கு முத ஆளா வருவமா? விலை குறையுமே!"

"வாயை மூடுட்டி" என்றேன். (அந்த அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.)

வாங்கிய புது ஷூவைப் போட்டுச் சாரலிலேயே மைதானத்தை நாலு சுற்று ஓடிவிட்டு வந்தாள். "இப்ப இடிக்கலப்பா." ஆனால் கறுத்த நகம் ஒரு வாரத்தில் மாறாது. அதோடுதான் ஓடப்போகிறாள்.

அதனால் சொல்கிறேன் மக்களே, போணி பண்ண என் கடைக்கு வாங்க. ஷூ கடைக்குச் சாயங்காலம் போங்க!