புதன்கிழமை அரைப்பேர்

உளவளத்துணை, அதாவது கவுன்சலிங், படிக்கிற பிள்ளைகள் சிலர் என் பழைய அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். நான் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சராக இருந்தவன். 1950களில் எங்களுக்கு அப்படியொரு சொல்லே தெரியாது. மிக்சர் கலக்கவும், காயம் கட்டவும், ஊசி போடவும் படித்துவிட்டு வந்தேன். கேட்டதை வாய்க்குள் வைத்திருக்க வேண்டும் என்று ஒருவரும் பாடம் எடுக்கவில்லை. அதை நான் படித்த விதம் பெருமைப்படக்கூடியது அல்ல. என்றாலும் எழுதுகிறேன்.

1. நடுவில் ஒரு வீடு

அப்புத்தளையில் ரயிலை விட்டிறங்கி, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குக் கொழுந்து லொறியில் போய்ச் சேர்ந்தேன். வயது இருபத்தாறு. ஊர் யாழ்ப்பாணம். கலியாணம் ஆகவில்லை.

டிஸ்பென்சரியும் என் குவாட்டர்ஸும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. துரை மேலே பங்களாவில், தொழிலாளர்கள் கீழே லயம் என்ற வரிசை வீடுகளில். லயத்துச் சனம் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்கும். துரை என்னை நிற்க வைத்துத்தான் பேசுவார். பின்னேரம் மூன்று மணிக்கே பனி மூடிவிடும். சில நாட்களில் மருந்துப் போத்தல் லேபிள்களை உரத்து வாசித்திருக்கிறேன், ஒரு மனிதக் குரல் கேட்கட்டும் என்று.

ஞாயிறு மட்டும் பெரிய கிளாக்கர் நல்லதம்பி வருவார். அவரும் எங்கள் ஊர்ப் பக்கம். இரண்டு பேரும் சீட்டு விளையாடுவோம். அந்த இரண்டு மணித்தியாலத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளினேன் என்றால் மிகையில்லை.

2. தலைவலி

செல்லம்மா கொழுந்து பறிக்கிறவள். மூன்று மாதக் கைப்பிள்ளைக்காரி. ஒரு புதன்கிழமை காலையில் தலைவலி என்று வந்தாள். மிக்சர் கொடுத்தேன். அடுத்த புதனும் வந்தாள். மூன்றாம் புதன், மற்றவர்கள் எல்லாம் போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"டாக்டரய்யா, தலவலி இல்லீங்க. புள்ளயத் தூக்கவே பயமா இருக்கு. தூக்குனா, கொண்டுபோயி ஓடையில போட்டுருவேனோன்னு மனசு சொல்லுது. நா பொல்லாதவளாங்க?"

என் பெரியம்மாவின் மகளுக்கும் பிள்ளை பிறந்த கையோடு இப்படி வந்து, பிறகு சுகமானது நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னேன். அழுதாள். போகும்போது கும்பிட்டாள்.

"யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. மாமியா காதுல விழுந்தா புள்ளய பறிச்சிருவாங்க."

"சொல்லமாட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதனும் வந்தாள். நான் வைத்தியம் என்று எதுவும் செய்யவில்லை. வாங்குப் பலகையில் இருக்கச் சொன்னேன், பேசவிட்டேன், அவ்வளவுதான். ஆறாவது கிழமை வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"நேத்து என்னயப் பாத்து சிரிச்சிச்சுங்க. நானும் சிரிச்சேன்" என்றாள்.

அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம். அதைச் சொல்ல ஆள்தான் இல்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

3. புதினம்

அந்த ஞாயிறு மழை. நல்லதம்பி அண்ணை இரண்டு ஆட்டத்தோடு கொட்டாவி விட்டார்.

"என்ன தம்பி, ஒரு புதினமும் இல்லையோ? அப்ப நான் வெளிக்கிடப்போறன்."

அவர் குடையை எடுத்தார். அவர் போய்விட்டால் எனக்குப் பேச ஆளில்லை. இன்னும் ஆறு நாள்.

"இருங்கோ அண்ணை, ஒரு விசயம் சொல்லுறன்."

சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. ஒரு பெண், ஒரு கைப்பிள்ளை, ஓடை. என் கெட்டித்தனத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். அவர் குடையை வைத்துவிட்டு, இருட்டும்வரை இருந்து கேட்டார்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' போடுவார்கள். மருந்தெடுத்துவிட்டுப் பிந்திக் கொழுந்து மலைக்குப் போனால் அரைப்பேர்தான், அரைச் சம்பளம். யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர் என்பதெல்லாம் செக்ரோல் பதிவேட்டில் இருக்கும். அந்த செக்ரோலை எழுதுவது யார்? நல்லதம்பி அண்ணைதான். ஒன்றரை மாதமாகப் புதன்தோறும் அரைப்பேர் விழுகிற கைப்பிள்ளைக்காரி தோட்டத்தில் ஒருத்திதான். என் மண்டையில் இது ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் கங்காணியைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணைக் கவனித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். கங்காணி வழியாக விசயம் அறிந்து அன்றே மாமியார் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழ்ப்பிரிவு லயத்துக்குப் போய்விட்டாள். புருஷன் தாய்க்கு எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை.

அவரிடம் ஓடினேன். "நான் கெடுதலுக்கே சொன்னனான்? பிள்ளைக்கு ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?" என்றார். அவரைக் கோபிக்க எனக்கு வாயில்லை. சொன்னவன் நான்.

புதன்கிழமை செல்லம்மா வந்தாள். வாங்கில் இருக்கவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"பால் கட்டிக்கிச்சுங்க. வலி தாங்க முடியல. மருந்து குடுங்க."

கொடுத்தேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை, ஏசவும் இல்லை. ஏசியிருக்கலாம்.

4. பதுளை

விசயம் துரையிடமும் போயிற்று. பைத்தியமா இல்லையா என்று டொக்டர் எழுதித் தரட்டும், பைத்தியமென்றால் வேலைநீக்கப் பற்றுச்சீட்டு என்றார். பற்றுச்சீட்டு வந்தால் வேலையும் இல்லை, லயமும் இல்லை. நானே அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் சிங்களவர், நிதானமான மனிதர். தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நான்தான்.

அவர் இங்கிலீஷில் அன்பாகத்தான் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"தலவலிதாங்க. வேறெதுவும் இல்ல."

"செல்லம்மா, இவர் நல்லவர். சொன்னால் உதவி செய்வார்" என்றேன்.

முதல் முறையாக என் முகத்தை நேரே பார்த்தாள்.

"ஒங்ககிட்ட சொன்னேனே. அது போதுங்க."

அவள் என்ன சொல்கிறாள் என்று டொக்டர் கேட்டார். தலைவலி என்றேன். அது சரியா பிழையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் மருந்து கிடைத்திருக்கும்; பற்றுச்சீட்டும் கிடைத்திருக்கும். அவளுடைய வார்த்தையை இரண்டாம் தரமும் எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தலைவலிதான் என்று டொக்டர் எழுதித் தந்த காகிதத்தால் வேலை மிஞ்சியது. பிள்ளை மாமியாரிடமே வளர்ந்தது. அம்மைப்பால் ஊசி குத்தக்கூட மாமியார்தான் தூக்கி வந்தாள். செல்லம்மா எதிர்மலையில் கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பயம் தீர்ந்ததா என்று நான் அறியேன். கேட்கும் உரிமையை இழந்திருந்தேன்.

5. அடுத்த தோட்டம்

பெயரைச் சொல்லவில்லையே என்று வெகுகாலம் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அந்தக் கதையே அவளுடையது. என் தனிமைக்கு அதை எடுத்துச் செலவழித்தேன். பிள்ளைகளே, உங்கள் தனிமைக்கு வேறு எதையாவது தேடிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் தனியாகவே இருங்கள்.

இரண்டு வருடத்தில் வேறு தோட்டத்துக்கு மாறினேன். அங்கேயும் ஒரு கிளாக்கர், அங்கேயும் ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு. முதல் ஞாயிறே அவர் கேட்டார்.

"டிஸ்பென்சரியில என்ன புதினம்?"

அன்று காலையில் ஒருவர் என் முன்னால் இருந்து, சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லி அழுதுவிட்டுப் போயிருந்தார்.

"ஒண்டுமில்லை அண்ணை" என்றேன்.

அவர் கொட்டாவி விட்டு, குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெளியே நல்ல மழை. நான் இருங்கோ என்று சொல்லவில்லை.