நான் போகாத புதன்கிழமை

நான்கு வருடங்களுக்கு முன், கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. கடைசி செமஸ்டரில் வகுப்பே கிடையாது, முழுக்க புராஜெக்ட்தான். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் சென்னை, பெங்களூரு என்று வெளியூர் ஆய்வுக்கூடங்களுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொண்டார்கள். ஒற்றையாக மிஞ்சியவள் நான். என் சொந்த ஊர் அந்தியூர் பக்கம். ஹாஸ்டல் அறையில் கூட இருந்த பெண்ணும் பெங்களூருக்குப் போய்விட்டதால், அறையிலும் தனிதான்.

என் வேலை இதுதான். கிணத்துக்கடவு தாண்டி ஒரு கிராமத்தில் ஆறு கிணறுகள். இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை போய் ஒவ்வொன்றிலும் தண்ணீர் எடுத்து வந்து, அதில் நைட்ரேட் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தோட்டத்துக்குப் போடும் உரமும் கோழி எருவும் மண்ணில் இறங்கி இந்த நைட்ரேட்டாகக் கிணற்றுக்கு வந்து சேரும். பெரியவர்களுக்கு உடனே எதுவும் தெரியாது. கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய் உடம்பு நீலம் பூத்துவிடும்.

வழிகாட்டிப் பேராசிரியை நல்லவர். ஆனால் துறையின் பாதி வேலை அவர் தலையில் இருந்தது. வாரம் ஒருமுறை நோட்டைப் புரட்டிப் பார்ப்பார், இரண்டு கேள்வி கேட்பார், கையெழுத்துப் போடுவார். மற்ற நேரமெல்லாம் லேபில் நானும் குளிர்பதனப் பெட்டியின் சத்தமும்தான். சில நாட்களில் மெஸ்ஸில் "இன்னும் கொஞ்சம் சாம்பார்" என்று கேட்டதைத் தவிர நான் வாய் திறந்திருக்க மாட்டேன். வீட்டுக்குப் போன் செய்தால் வேலை எப்படிப் போகிறது என்று கேட்பார்கள். நல்லாப் போகுது என்பேன். அதற்குமேல் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஊரில் என்னோடு பேசியவர் ஒரே ஒரு அக்கா. ஐந்தாவது கிணற்றை ஒட்டிய வரிசை வீடுகளில் இருந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். தேங்காய் நார் மில்லில் வேலை. நான் போகிற நேரத்தில் அவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருப்பார். கயிறு வாளியில் தண்ணீர் இறைத்து என் பாட்டிலில் ஊற்றித் தருவார். குடிக்கவும் அந்தக் கிணறுதான். பஞ்சாயத்துக் குழாயில் வாரத்துக்கு ஒருநாள் தண்ணீர் வந்தால் அதிகம். ஒருமுறை, "இந்தத் தண்ணி எப்பிடீங்க அம்மணி இருக்குது?" என்று கேட்டார். குடிதண்ணீருக்கு வைத்திருக்கும் எல்லைக்குள்தான் நைட்ரேட் இருக்கிறது, ஏறினால் நானே வந்து சொல்கிறேன் என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை. முந்தின மூன்று நாட்களும் யாரிடமும் பேசவில்லை. ஐஸ் பெட்டியையும் பாட்டில்களையும் தூக்கிக்கொண்டு உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கிணத்துக்கடவு வழியாகப் போகும் பொள்ளாச்சி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது, போனது. கால் நகரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். உடம்புக்கு ஒன்றுமில்லை. யாருக்காக இதைச் செய்கிறேன், செய்யாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு மட்டும் இருந்தது. பக்கத்திலிருந்த குளக்கரையில் போய் உட்கார்ந்தேன். வெயில் ஏறியதும் காலி பாட்டில்களோடு திரும்பிவிட்டேன்.

மறுநாள் லேபில் உட்கார்ந்து, நோட்டில் ஆறு கிணறுகளுக்கான கட்டங்களையும் நிரப்பினேன். முந்தைய எண்களை ஒட்டிக் கொஞ்சம் மாற்றி மாற்றி எழுதினேன். ஐந்தாவது கிணறு எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் சற்றுக் குறைத்து எழுதினேன். முந்தின வாரம் மழை பெய்ததே, கரைந்து குறைந்திருக்கும் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். மழை மண்ணில் கிடப்பதையும் சேர்த்துக் கிணற்றுக்குள் இறக்கும் என்று பாடத்தில் படித்தவள்தான் நான். பேராசிரியை பார்த்தார், கையெழுத்துப் போட்டார். பிடிபட்டுவிடுவோமோ என்ற பயத்தைவிட, யாரும் எதையும் கேட்கவில்லையே என்பதுதான் அன்று எனக்கு அதிகம் வலித்தது. சொன்னால் விநோதமாக இருக்கும், ஆனால் உண்மை.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். ஐந்தாவது கிணற்றுக்கு வந்ததும் அந்த அக்கா வீட்டுக்குள்ளிருந்து வேகமாக வந்தார்.

"ஏனுங்க அம்மணி, போன தடவ வரலீங்களே. ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா? ஒரு மணி நேரம் பாத்துப்போட்டுத்தான் மில்லுக்குப் போனேன்."

கையில் ஒரு பழைய பாட்டில். நான் வராததால், அன்றைக்கு அவரே தண்ணீர் பிடித்து மூடி வைத்திருக்கிறார். அத்தனை நாள் வெளியில் இருந்த தண்ணீர் சோதனைக்கு ஆகாது. ஆனாலும் அதை வாங்கி ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். அந்தப் புதன்கிழமை நான் இல்லாததைக் கவனித்த ஒரு ஆள் இந்த உலகத்தில் இருந்திருக்கிறார்.

அதற்குள் உள்ளே ஒரு குழந்தை அழுதது. தங்கச்சி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், குழந்தைக்கு ஒரு மாதம், தாய்ப்பால் போதவில்லை, பத்து நாளாகப் பவுடர் பால் கலந்து கொடுக்கிறோம் என்றார்.

எந்தத் தண்ணீரில் என்று கேட்டேன்.

"இதேதானுங்க. நல்லாக் காய்ச்சித்தான் கலக்கறோம். கெட்டுப்போயிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்கல்ல?"

காய்ச்சினால் கிருமிகள் சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். என் நோட்டைத் திறந்தேன். அந்தக் கிணற்றுக்குக் கடைசியாக இருந்த எண், நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது.

உள்ளே போய்த் தொட்டிலில் குழந்தையைப் பார்த்தேன். உதட்டையும் நகங்களையும் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தன. ஆனாலும் நகங்களை இன்னொருமுறை பார்த்தேன். இனி இந்தத் தண்ணீரில் பால் கலக்க வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றேன். அக்காவின் முகம் மாறியது. எல்லைக்குள் இருக்கிறது என்றீர்களே, போன தடவை ஏன் வந்து பார்க்கவில்லை என்று கேட்டார்.

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு அது. உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"போன தடவ நான் பாக்கவே இல்லீங்க்கா. ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. வர மனசில்லாம பாதியில திரும்பிட்டேன்."

அவர் திட்டவில்லை. தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "இன்னைக்கு எடுத்துட்டுப் போறது எப்பத் தெரியுமுங்க?" என்று மட்டும் கேட்டார். நாளைக் காலை போன் செய்கிறேன் என்று நம்பரை வாங்கிக்கொண்டேன். அதுவரை அவருடைய போன் நம்பரைக்கூட நான் கேட்டதில்லை.

மறுநாள் லேப் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். ஐந்தாவது கிணறு எல்லையைத் தாண்டியிருந்தது. மூன்று முறை திரும்பத் திரும்பப் பார்த்தேன், அதேதான். போன் செய்தேன். குழந்தையை முந்தின நாள் மாலையே டாக்டரிடம் காட்டிவிட்டார்கள், பயமில்லை என்று சொல்லிவிட்டாராம். அன்றுமுதல் கேன் தண்ணீர் வாங்கிக் கலக்கிறார்கள். போனை வைத்ததும் லேப் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். பார்க்க யாரும் இல்லாதது அன்று ஒருநாள் வசதியாக இருந்தது.

பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியையின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். அந்த வரிசையின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, எண்கள் படிக்கும்படி விட்டு, பக்கத்தில் "மாதிரி எடுக்கப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். "முடியலைன்னு ஏன் எங்கிட்ட வந்து சொல்லலை?" என்றார். கூடுதலாக இன்னும் இரண்டு சுற்று எடுத்த பிறகுதான் அறிக்கை வைக்க முடியும் என்று சொல்லி நோட்டைத் திருப்பித் தந்தார்.

அதனால் மற்றவர்களோடு என்னால் முடிக்க முடியவில்லை. எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டு ஊருக்குப் போன பிறகு, காலியான ஹாஸ்டலில் இருந்து மே மாத வெயிலில் நான் மட்டும் ஐஸ் பெட்டியோடு போய் வந்தேன். அந்த அக்கா பழையபடியே தண்ணீர் இறைத்துத் தந்தார். ஆனால் இப்போது ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது, "ஆறுலயும் எடுத்துப்போட்டீங்களா அம்மணி?" என்று கேட்டார். அதில் குத்தல் இருந்ததா, அக்கறை இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டுமே இருந்திருக்கலாம். வாய்மொழித் தேர்வில், நடுவில் ஏன் ஒரு வரிசை அடித்திருக்கிறது என்று கேட்டார்கள். நான் போகவில்லை என்றேன். மதிப்பெண் குறைந்தது.

இப்போது பெருந்துறையில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பாட்டில்கள் வரும், எண்கள் போகும். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களின் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவர்களுக்குத் தெரியாது. தனிமை முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால், யாருக்காக இதைச் செய்கிறேன் என்ற கேள்வியை நான் அதற்குப் பிறகு என்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை.